துளையைப் பெரிதாக்கினால் சூடு கூடுமா?

கேள்வி: என் பட்டறை அறையைக் குளிர்காலத்தில் சூடாக்கவும், அங்கேயே சமைத்துக்கொள்ளவும் ஒரே மண்ணெண்ணெய் பர்னராகச் செய்யப் பார்க்கிறேன். பழைய பம்ப் ஸ்டவ்வின் பர்னரை எடுத்தேன். சூடு போதவில்லை என்று நிப்பிளின் (எண்ணெய் ஆவி சீறி வெளிவரும் சின்ன மூக்கின்) துளையை 0.3 மில்லிமீட்டரிலிருந்து 0.4 ஆக்கினேன். தீ பெரிதானது, ஆனால் மஞ்சளாக எரிகிறது. பாத்திரம் கரி பிடிக்கிறது, தண்ணீர் கொதிக்க முன்பைவிட நேரமாகிறது. துளையை இன்னும் பெரிதாக்கவா? சின்ன ஃபேன் வைத்துக் காற்று ஊதவா? வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயில் இதில் எரியுமா?

பதில்: முதல் வேலையாகப் பழைய அளவு நிப்பிளையே திரும்பப் போடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

0.3 எங்கே, 0.4 எங்கே, ஒரு தலைமுடி அளவு வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் எண்ணெய் எவ்வளவு போகிறது என்பதைத் தீர்மானிப்பது துளையின் பரப்பு. 0.3-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 0.09, 0.4-ஐப் பெருக்கினால் 0.16. அதே அழுத்தத்தில் சுமார் 78 சதவீதம் கூடுதல் எண்ணெய். காற்று அந்த அளவு கூடாது. பம்ப் ஸ்டவ்வில் காற்றை யாரும் உள்ளே தள்ளுவதில்லை. நீங்கள் டாங்கில் அடிக்கிற காற்று எண்ணெயை மேலே தள்ளுவதற்கு மட்டும்தான். எரிவதற்கு வேண்டிய காற்றை, துளையிலிருந்து நொடிக்கு நூறு மீட்டருக்கும் மேலான வேகத்தில் சீறி வரும் எண்ணெய் ஆவியே சுற்றிலும் இருந்து இழுத்துக்கொள்கிறது. ஆவியும் காற்றும் கலக்கிற கலவைக் குழாயின் வாய் மாறாமல் இருக்கும்போது, இழுபடும் காற்று ஏறக்குறைய துளையின் விட்டத்துக்கு ஏற்பத்தான் கூடும். ஆக உங்கள் பர்னரில் எண்ணெய் 78 சதவீதம் கூடியது, காற்று 33 சதவீதம்தான் கூடியது. மிச்சக் காற்றுக்கு எங்கே போகும்? அந்தப் பற்றாக்குறைதான் மஞ்சளாகத் தெரிகிறது. மஞ்சள் என்பது எரியாத கரித்துகள்கள் சிவக்கக் காய்ந்து ஒளிர்வது. போகிற வழியில் பாத்திரம் இருந்தால் அதில் ஒட்டும்.

நானும் இதைச் செய்தவன்தான். பழகிய புதிதில் ஒரு நிப்பிளை 0.5 மில்லிமீட்டர் துரப்பணத்தால் குடைந்து, பத்து நிமிடத்தில் ஒரு புதுப் பாத்திரத்தை அடையாளம் தெரியாமல் ஆக்கினேன். நிப்பிளை மட்டும் தனியாக மாற்றக் கூடாது. துளை கூடினால் கலவைக் குழாயின் உள்விட்டமும் அதே விகிதத்தில் கூட வேண்டும், சுடர் வெளிவரும் ஓட்டைகளின் மொத்தப் பரப்பும் கூட வேண்டும். அந்த அளவுக்குப் போனால் அது புதுப் பர்னர்தான். பெரிய சுடர் வேண்டுமென்றால் பெரிய பர்னராகவே வாங்கிவிடுவது மேல்.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பாதி சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எண்ணெய் எரிவதில்லை, எண்ணெயின் ஆவிதான் எரிகிறது. மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. சுமார் 150 டிகிரியில் இலகுவான பகுதி கிளம்பும், கனமான பகுதி கிளம்ப 300 டிகிரி ஆகிவிடும். திரி ஸ்டவ்வில் இந்த வேலையைத் திரியின் நுனி செய்கிறது. பம்ப் ஸ்டவ்வில் சுடருக்குள்ளேயே வளைந்து போகும் குழாய் செய்கிறது. 1892-இல் ஸ்வீடனின் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் கரி பிடிக்காத பிரைமஸ் அடுப்பைக் கொண்டுவந்தபோது செய்த காரியம் இதுதான்: திரியைத் தூக்கிவிட்டு, சுடரின் சூட்டையே எண்ணெயை ஆவியாக்கத் திருப்பிவிட்டார். இன்றுவரை அதில் பெரிய மாற்றம் இல்லை.

பற்ற வைக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். பர்னரின் கழுத்தில் உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துகிறீர்கள். வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது, கையை மேலே நீட்டினால்தான் சூடு தெரியும். ஸ்பிரிட் தீரும் தறுவாயில், டாங்கின் காற்றை வெளியே விடுகிற காற்றுத் திருகை மூடி, இரண்டு மூன்று தடவை மட்டும் மெதுவாகப் பம்ப் அடித்தால், முதலில் ஒரு விக்கல், பிறகு ‘உஸ்’ என்ற சீறல், நீல வளையம். அவசரப்பட்டுக் குழாய் காய்வதற்கு முன்பே அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே நூல் மாதிரி மேலே பீய்ச்சும், அது பற்றிக்கொண்டால் முழ உயரத்துக்கு மஞ்சள் தீ. அப்படி ஆனால் ஊதி அணைக்கப் பார்க்காதீர்கள். காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிடுங்கள், அடங்கிவிடும். மறுபடி ஸ்பிரிட் ஊற்றுவது பர்னர் முழுவதும் ஆறிய பிறகுதான்.

இனி திறனுக்கு வருவோம், அதாவது எரித்த எண்ணெயின் சூட்டில் எவ்வளவு பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கு. நீங்கள் ‘எப்படி இன்னும் நன்றாக எரிப்பது’ என்று கேட்கிறீர்கள். நஷ்டம் எரிவதில் இல்லை. உங்கள் மஞ்சள் தீயிலும் எண்ணெயின் மிகப் பெரும்பகுதி எரிந்துதான் போகிறது. பாத்திரத்துக் கரியைச் சுரண்டி எடை போட்டால் சில கிராம்கூடத் தேறாது. எரிந்த சூடு பாத்திரத்தைப் பிடிக்காமல் பக்கவாட்டில் ஓடிவிடுகிறதே, நஷ்டம் அங்கேதான். உங்கள் தீ பெரிதானதும் சுடர் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டியிருக்கும். அடியில் படிந்த கரியும் சூடு ஏறுவதைக் கொஞ்சம் தடுக்கும். அதனால்தான் கூடுதல் எண்ணெய்க்குத் தாமதமான கொதி.

நம்பவில்லை என்றால் அளந்து பாருங்கள். சமையல் தராசு, வெப்பமானி இரண்டும் போதும். ஸ்டவ்வை எண்ணெயோடு எடை போடுங்கள். பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர், 25 டிகிரியிலிருந்து 95 டிகிரி வரும்வரை காய்ச்சுங்கள், மூடி போட்டு. உடனே அணைத்து, ஆறியதும் மறுபடி எடை. தண்ணீர் வாங்கிய சூடு சுமார் 586 கிலோஜூல். மண்ணெண்ணெய் கிராமுக்குச் சுமார் 43 கிலோஜூல் தரும். 27 கிராம் செலவாகியிருந்தால் திறன் 50 சதவீதம், 23 கிராம் என்றால் 59. நிப்பிளைப் பழையபடி மாற்றிவிட்டு ஒருமுறை, பாத்திரத்தின் உயரத்தை மாற்றி ஒருமுறை என்று செய்து குறித்துக்கொள்ளுங்கள். பற்ற வைக்கிற ஸ்பிரிட்டைக் கணக்கில் சேர்க்காமல், பர்னர் நன்றாக எரியத் தொடங்கிய பிறகு முதல் எடையைப் போடுவது நல்லது. ஜன்னல் காற்று அடிக்கிற இடத்தில் செய்தால் எண்கள் எதற்கும் உதவாது.

உயரம் என்றேன். இதற்குச் சூத்திரம் கிடையாது, உங்கள் பர்னருக்கு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பாத்திரம் ரொம்பத் தாழ்ந்தால், எரிந்து முடியாத சுடர் குளிர்ந்த உலோகத்தில் மோதி அணையும். கரியும் வரும், அதைவிட மோசமாகக் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் வரும். ரொம்ப உயர்ந்தால் சூடான வாயு வெளிக்காற்றோடு கலந்து ஆறிவிடும். நீலக் கூம்புகளின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடாமல், சற்றே கீழே நிற்கிற உயரத்திலிருந்து ஆரம்பித்து, ஐந்து ஐந்து மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது, என் கணக்கில் செலவுக்கு அதிகப் பலன் தருவது, பாத்திரத்தைச் சுற்றி ஒரு தகட்டு வளையம். பாத்திரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி. அடியில் தப்பித்த சூடான வாயு பாத்திரத்தின் பக்கங்களை உரசிக்கொண்டே மேலே போகும். இடைவெளியை அதற்கும் கீழே நெருக்கினால் வாயு போக வழியில்லாமல் சுடர் திணறும், மஞ்சள் எட்டிப் பார்க்கும். அப்படிப் பார்த்தால் உடனே அகலமாக்குங்கள். வளையம் பாத்திரத்தை மட்டும் சுற்ற வேண்டும். கீழே இறங்கி டாங்கையும் சேர்த்து மூடினால் டாங்க் காயும், அழுத்தம் ஏறும். இந்தத் தப்பைச் சமர்த்தான ஆட்களே செய்து பார்த்திருக்கிறேன். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், சூட்டில் வரும் புகை உடம்புக்கு ஆகாது. சாதா இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். கொதி வந்ததும் தீயைக் குறைக்கவும் மறக்காதீர்கள். கொதிக்கிற தண்ணீர் எவ்வளவு தீ வைத்தாலும் அதே சூட்டில்தான் இருக்கும், கூடுதல் எண்ணெய் நீராவியாகப் போகும்.

சரி, அறையைச் சூடாக்குவது. இங்கே நீங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு வேலைகளை ஒரே பர்னரில் கட்டுகிறீர்கள். சமைக்க 2.5 கிலோவாட் போதும், மணிக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேலே எண்ணெய். சின்ன இடத்தில் குவிந்த சுடர், சட்டென்று கூட்டிக் குறைக்கிற வசதி வேண்டும். அறைக்குத் தேவை மணிக்கணக்கில் ஆள் பார்க்காமல் சீராக எரிவது. ‘பாத்திரத்தைத் தப்பிய சூடு அறைக்குத்தானே போகிறது, அதுவும் லாபம்தானே’ என்று கேட்கலாம். கணக்கில் சரிதான். ஆனால் சூட்டோடு வருவதையும் பாருங்கள். 5 கிலோவாட்டுக்கு மணிக்கு அரை லிட்டர் எண்ணெய் எரிக்க வேண்டும். அது சுமார் 5 கனமீட்டர் காற்றின் ஆக்சிஜனைத் தின்னும், ஒன்றேகால் கிலோ கார்பன் டை ஆக்சைடையும், கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீரை நீராவியாகவும் அறைக்குள் விடும். ஜன்னல் கண்ணாடி வியர்க்கும், பட்டறைக் கருவிகள் துருப்பிடிக்கும். அதெல்லாம் போகட்டும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தலைவலி, தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரிப்பதையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் சொல்லிவிட்டது. அறைக்கான தீ எதுவானாலும் புகைபோக்கி கட்டாயம். சமைக்கும்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அதனால் அறைக்குத் தனியாகச் சட்டி பர்னர் என்கிற வகையைப் பாருங்கள். அழுத்தமும் இல்லை, அடைத்துக்கொள்கிற துளையும் இல்லை. வட்டமான இரும்புச் சட்டி, பக்கச் சுவரில் வரிசை வரிசையாகக் காற்று ஓட்டைகள். மிதவை வால்வு வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக அடிக்கு வந்து, அங்கேயே ஆவியாகும். எண்ணெய் குறைவாக வந்தால் சுடர் கீழ் வரிசை ஓட்டைகளில் நிற்கும், கூடினால் மேல் வரிசைக்கு ஏறி அங்குள்ள காற்றை வாங்கிக்கொள்ளும். காற்றை இழுப்பது புகைபோக்கி. 4 மீட்டர் உயரம், உள்ளே 200 டிகிரி, வெளியே 15 டிகிரி என்றால் சுமார் 18 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுவை கிடைக்கும், இந்த அளவு பர்னருக்கு அது போதும். புகைபோக்கியில் போகிற சூட்டையும் பிடித்துவிடலாம் என்று வாயுவை ரொம்ப ஆறவிட்டால் இழுவை செத்துவிடும், உள்ளே அமில ஈரம் படிந்து தகடு அரிக்கும். மேலே தட்டையான தகடு வைத்தால் கெட்டில் எப்போதும் வெந்நீரோடு இருக்கும். நீங்கள் கேட்ட இரண்டையும் ஒன்றாக்குவதில் நான் சம்மதிக்கிற எல்லை அதுதான்.

ஃபேன்? பம்ப் ஸ்டவ் பர்னருக்கு வேண்டாம். பக்கத்திலிருந்து ஊதுகிற காற்று ஆவியோடு முறையாகக் கலப்பதில்லை, சுடரைத் தள்ளிவிட்டுச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். ஃபேன் வைத்த எண்ணெய் பர்னர்கள் உண்டு. அவை சுமார் 7 பாருக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்குக்கு) மேற்பட்ட அழுத்தத்தில் எண்ணெயைப் பனித்துளியாகச் சிதறடிப்பவை. எண்ணெய் சிதறி வரும் அந்த முனையை, அதாவது நாசிலை, ஓர் அளவுக்குக் கீழே சிறிதாக்கினால் அடைத்துக்கொள்ளும், ஆகவே பத்துப் பதினைந்து கிலோவாட்டுக்குக் கீழே இறங்குவது கஷ்டம். கட்டடம் சூடாக்க நல்லது, ஒரு பாத்திரத்துக்கு அல்ல. ஃபேன் நின்றால் எண்ணெயும் தானே நிற்கிற ஏற்பாடு இல்லாமல் யாரும் அதை வைக்கக் கூடாது.

பழைய எஞ்சின் ஆயில் பம்ப் ஸ்டவ்வில் எரியவே எரியாது. மண்ணெண்ணெய் ஆவியாகிற சூட்டில் அது ஆவியாகாது. குழாயில் தங்கிக் கருகி இறுகிப்போகும், எந்த ஸ்டவ் பின்னும் (துளை குத்தும் ஊசியும்) அதைக் குத்தி எடுக்காது. இளக்குவதற்காகப் பெட்ரோல் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மண்ணெண்ணெய் 38 டிகிரிக்குக் கீழே பற்றுமளவு ஆவி விடாது, பெட்ரோல் உறைகுளிரிலும் விடும், அதைச் சூடாகும் டாங்கில் அழுத்தத்தோடு அடைப்பது வெடிகுண்டு. சட்டி பர்னரில் எஞ்சின் ஆயிலை எரிப்பவர்கள் உண்டு. ஆனால் அதில் உலோகத் துகளும் சேர்மானங்களும் இருக்கும், சாம்பல் தினமும் வழிக்க வேண்டும், புகைபோக்கி கசிந்தால் அவ்வளவும் உங்கள் மூச்சில். சமைக்கிற இடத்தில் நான் அதை வைக்க மாட்டேன். எப்படியும் வைப்பேன் என்றால், ஆயிலை ஒரு வாரம் அசையாமல் தேங்கவிட்டு, அடியில் நிற்கும் தண்ணீரைத் தொடாமல் மேலாக வடித்து எடுங்கள். காய்ந்த சட்டியில் அந்தத் தண்ணீர் ஒரு கரண்டி விழுந்தாலும், எரிகிற எண்ணெயைத் தூக்கி வெளியே எறிந்துவிடும்.