சத்துவாச்சாரி வீட்டையே வையுங்கள்

அண்ணே, வேலூர் சத்துவாச்சாரியில் வாடகைக்கு விட்டிருக்கும் வீடு, காட்பாடியில் மாணவர்கள் தங்கும் கட்டடம், லாங்கு பஜார் கடை, இந்த மூன்றில் எதை அடமானம் வைத்தால் பொண்ணு கல்யாணத்துக்குள் பணம் கைக்கு வரும் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் வீட்டை வையுங்கள்.

வாடகை கொட்டுவது காட்பாடியில்தான். ஆனால், கடன் நின்றுபோனால் இதை யார் வாங்குவார்கள் என்றுதான் பேங்க் முதலில் பார்க்கும். குடும்பம் குடியிருக்கிற வீட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு. எங்கள் பெரியப்பா ரூம் ரூமாக வாடகைக்கு விட்ட கட்டடத்தைத்தான் வைக்கப் போனார். மதிப்பீட்டாளர் டேப்போடு வந்து அளந்தார். பிளான் அப்ரூவல் இரண்டு மாடிக்குத்தான். மூன்றாவது மாடியில் எட்டு ரூம், வாசலெல்லாம் பிள்ளைகள் செருப்பு. அதில் ஒரு சதுர அடிகூடக் கணக்கில் ஏறவில்லை. வாடகையை ரொக்கமாகவே வாங்கியதால் வருமானமாகவும் காட்ட முடியவில்லை. பாவம், நொந்துபோனார்.

கடைக்கும் கிடைக்கும், பெரும்பாலும் மதிப்பில் குறைத்துத்தான் தருவார்கள், வட்டியும் கூட.

வீட்டின் மேல் ஏற்கெனவே வீட்டுக்கடன் ஓடினால் அதே பேங்க்கில் டாப்-அப், அதாவது அந்தக் கடனுக்கு மேல் கூடுதல் கடன், கேளுங்கள். பத்திரம் அங்கேயே இருப்பதால் வேலை சுருக்கம். இல்லையென்றால் மூலப்பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள். பட்டா இன்னும் அப்பா பேரில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இன்றைக்கே மனு போடுங்கள், நாள் இழுப்பது அங்கேதான்.

மாறும் வட்டியிலேயே வாங்குங்கள். சொந்தச் செலவுக்குத் தனிநபர் வாங்கும் அந்த வகைக் கடனை முன்கூட்டியே அடைத்தால் பேங்க் அபராதம் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மொய்ப்பணம் வந்ததும் ஒரு பகுதியைக் கட்டிவிடலாம்.