மீடியம் ஸ்டேக்கில் கசிந்த சிவப்பு நீர் இரத்தமா?

அமெரிக்காவின் டெக்சஸில் ஒரு சிற்றூர் உணவகத்தில் ரிப்ஐ ஸ்டேக்கை (மாட்டின் விலாப் பகுதியிலிருந்து வெட்டிய தடித்த இறைச்சித் துண்டு) மீடியம் பதத்தில், அதாவது நடுத்தர வேக்காட்டில், கேட்டபோது தட்டில் சிவப்பு நீர் கசிந்தது, அது இரத்தமா என்று கேட்டிருந்தீர்கள். அது இரத்தம் அன்று. இறைச்சி நடுவில் இளஞ்சிவப்பாக வந்ததிலும் பிழையில்லை. மாட்டை அறுக்கும்போதே இரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. கசிவது தசையில் தங்கியிருந்த நீரும், அதற்குச் சிவப்பேற்றும் மயோகுளோபின் என்ற புரதமும்தான்.

இறைச்சி கிரில்லிலிருந்து இறங்கிய சூட்டிலேயே வெட்டப்பட்டதால் அந்த நீர் அவ்வளவு தேங்கியிருக்கலாம்.

அடுத்த முறை ஓரத்தில் வெட்டாமல் நடுவில் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். உள்ளே சூடாகவும் இளஞ்சிவப்பாகவும் இருந்தால் அது மீடியம். குளிர்ந்து, வழவழப்பாக, கருஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று பொருள். அப்போது முதல் வாயிலேயே பரிமாறுபவரிடம் சொல்லுங்கள். மறுபடி கிரில்லில் வைத்துத் தருவது அங்கே வழக்கம்தான், கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு 63 டிகிரி செல்சியஸ் சூட்டையும், இறக்கியபின் 3 நிமிட இடைவெளியையும் பரிந்துரைக்கிறது. சில சமையலறைகளில் மீடியம் அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். ஆகவே கர்ப்பிணிகளோ முதியவர்களோ உடன் வந்தால் அவர்களுக்கு வெல்டன், அதாவது உள்ளே முழுதும் வெந்த பதம், கேளுங்கள். கொத்திறைச்சியில் செய்யும் ஹாம்பர்கருக்கு 71 டிகிரி வேண்டும். அதில் இந்த இளஞ்சிவப்பை ஏற்காதீர்கள்.