துடுப்பைத் தொடாதவரும் கல்லூரிப் படகும்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்த ஆண்டு சேரவிருக்கும் என் மகளுக்கு, ரோயிங் (துடுப்புப் படகுப் போட்டி) அணியில் புதியவர்களுக்கும் இடம் உண்டு என்று கடிதம் வந்திருக்கிறது. அவள் துடுப்பைத் தொட்டதே இல்லை. இப்படிச் சேர்கிறவர்கள் உண்மையிலேயே வீரர்களாகிறார்களா, அல்லது எண்ணிக்கைக்காகச் சேர்த்துக்கொள்கிறார்களா?

பதில்: தாராளமாகச் சேரச் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரி ரோயிங்கின் பெருமையே, ஒன்றும் தெரியாமல் வருகிறவரைக் கையைப் பிடித்துப் பழக்கி ஆளாக்குவதில்தான் இருக்கிறது. 1920 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் ஓட்டும் ஆண்கள் படகுப் போட்டியில் தொடர்ந்து எட்டுத் தங்கங்களை வென்றவை அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, யேல், கலிஃபோர்னியா, வாஷிங்டன் ஆகியவற்றின் மாணவர் அணிகளே. அவற்றுள் 1936இல் பெர்லினில் வென்ற வாஷிங்டன் பல்கலைக்கழக அணியில், விவசாயிகளுடைய, மரம் வெட்டும் தொழிலாளிகளுடைய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பலர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் துடுப்புப் பிடிக்கக் கற்றார்கள். அன்றைய இறுதிப் போட்டியில் தொடக்கத்தில் பின்தங்கிய அவர்களுடைய படகு 6 நிமிடம் 25.4 விநாடியில் எல்லைக் கோட்டைக் கடந்தது. இத்தாலி இரண்டாவதாக வந்தது. முதலில் வந்த அவர்களுக்கும் மூன்றாவதாக வந்த ஜெர்மனிக்கும் இடையேகூட ஒரு விநாடிதான் வித்தியாசம்.

நீச்சலிலோ டென்னிஸிலோ பதினெட்டு வயதில் தொடங்கி உச்சத்துக்குப் போவது மிகக் கடினம். ரோயிங்கில் அது நடக்கக் காரணம், உயரமும் நெஞ்சுரமும் வலியைத் தாங்கும் பழக்கமும் வேறு விளையாட்டிலிருந்து கூட வந்துவிடலாம், துடுப்பை நீரில் இறக்கி எடுக்கும் நுணுக்கத்தை மட்டும் விடியற்காலைப் பயிற்சிகளில் கற்றுக்கொண்டால் போதும் என்பதே. இன்று பெரிய அணிகள் பள்ளியிலேயே பழகியவர்களையும் வெளிநாட்டு வீரர்களையும் தேடிச் சேர்ப்பதால், புதியவர்களின் படகுக்கு முன்பிருந்த மதிப்பு குறைந்துவருகிறது. இதை நான் இழப்பாகவே கருதுகிறேன்.

கேள்வி: எட்டுப் பேர் சேர்ந்து ஓட்டும் படகில் யார் நன்றாக ஓட்டுகிறார் என்று பயிற்சியாளர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

பதில்: உடலின் வலிமையை, தரையில் வைத்து இழுக்கும் எர்கோமீட்டர் இயந்திரம் சொல்லிவிடும். ஆனால் அதில் முதலாவதாக வருகிறவர் படகில் ஏறியதும் அதன் வேகத்தைக் குறைப்பதும் உண்டு. அதனால் நால்வர் கொண்ட இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, முடிந்ததும் அவற்றை நீரிலேயே ஒட்டி நிறுத்தி, ஒரு படகிலிருந்து ஒருவரையும் மற்றதிலிருந்து ஒருவரையும் இடம் மாற்றி, மறுபடி அதே தூரம் ஓட்டச் சொல்வார்கள். முதல் ஓட்டத்தில் ஒரு படகு நீளம் முந்திய அணி, ஆளை மாற்றியதும் அரைப் படகு நீளம் பிந்தினால், அந்த ஒன்றரை நீளம் இடம் மாறிய இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம். இருவரும் தோழர்களாக இருந்தாலும், அந்த நிமிடத்தில் ஒருவருடைய இடம் மற்றவருக்குப் போய்விடுகிறது.

கேள்வி: பெண்களுக்கு இதில் எப்போது இடம் கிடைத்தது?

பதில்: ஹார்வர்டும் யேலும் 1852இல் மோதிய படகுப் போட்டிதான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் விளையாட்டுப் போட்டி. பெண்கள் அதற்கு வெகு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல் வந்த பிறகும், யேல் படகுத்துறையில் பெண்களுக்குக் குளியலறை இல்லை. ஆண்கள் குளித்து வரும்வரை அவர்கள் ஈர உடையோடு பேருந்தில் குளிரில் நடுங்கிக் காத்திருந்தார்கள். 1976 மார்ச்சில், அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் பத்தொன்பது பெண்கள் விளையாட்டு நிர்வாகி ஒருவரின் அறைக்குள் சென்று, மேலாடைகளைக் களைந்து, தங்கள் உடலில் எழுதியிருந்த அந்தச் சட்டத்தின் பெயரைக் காட்டினார்கள். எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையைப் படித்தார். வசதிகள் பிறகு கட்டப்பட்டன. மகளிர் ரோயிங் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்ததும் அந்த ஆண்டு மாண்ட்ரியாலில்தான். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவரான ஆன் வார்னர், அங்கே எட்டுப் பேர் படகில் வெண்கலம் வென்றார்.

தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1997 முதல் மகளிருக்கு மட்டும் ரோயிங் பட்டப் போட்டி நடத்துகிறது. டைட்டில் நைன் சட்டப்படி, ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளில் உள்ள பெருங்கூட்டத்துக்குப் பெண்கள் தரப்பில் ஈடுகட்ட, பல கல்லூரிகள் மகளிர் ரோயிங் அணிகளைப் பெரிதாக வைத்துக்கொண்டன. முதல் கேள்வி கேட்டவரின் மகளுக்கு அந்தக் கடிதம் வர இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.