மாடித்தோட்டத்தில் பேசில் (துளசி இனத்து மணச்செடி) ஒரே தண்டாக உயர்ந்து பூத்துவிடுகிறது. நிறைய இலை கிடைக்க எங்கே, எப்படி வெட்ட வேண்டும்?

பேசில் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் அடியில் இருக்கும் பெரிய இலைகளைப் பறித்துக்கொண்டு, நுனியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கொழுந்தை எடுத்தால் செடி வளராது என்ற பயம்தான் காரணம். உண்மையில் நேர் எதிராகச் செய்ய வேண்டும். வெயிலை வாங்கிச் செடிக்கு உணவு தயாரிப்பவை அந்தப் பெரிய இலைகள்தான், அவை இருக்கட்டும். வெட்ட வேண்டியது நுனியை. அதுவும் இலையாக இல்லாமல் தண்டோடு சேர்த்து.

செடியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். தண்டு நாலு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்தது வடக்கு தெற்காக இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் தண்டோடு சேரும் இடம்தான் கணு. அந்த மூலையை உற்றுப் பார்த்தால், இரண்டு பக்கமும் கடுகளவு குட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இனி வரப்போகும் கிளைகள் அவைதான். நுனிக் கொழுந்தில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கி, அவற்றை வளரவிடாமல் வைத்திருக்கிறது. நுனி போனால் தடையும் போய்விடும். துவரைக்கும் செண்டுமல்லிக்கும் நம் விவசாயிகள் செய்யும் நுனி கிள்ளுதல் இதேதான்.

செடி ஒரு சாண் உயரம் வந்து நாலைந்து ஜோடி இலை விட்டதும் முதல் வெட்டு. கீழே இரண்டு அல்லது மூன்று ஜோடியை விட்டுவிட்டு, அவற்றில் மேல் ஜோடியின் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கணுவிலிருந்து மிகவும் தள்ளி வெட்டினால் மிச்சமிருக்கும் குச்சி காய்ந்து கறுத்து நிற்கும். நல்ல வெயிலில் ஒரு வாரத்துக்குள் இரண்டு பக்கமும் துளிர் ஓடுவதைப் பார்க்கலாம். அந்த இரண்டு கிளைகளும் மூன்று ஜோடி இலை விட்டதும் அவற்றையும் இதேபோல் வெட்டுங்கள். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். அப்புறம் நீங்கள் அறுவடை என்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, வெட்டுவதே அறுவடை. முதல் வெட்டுக்குப் பிறகு, ஒரு தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இலையே இல்லாத, கட்டையாகிப்போன தண்டு வரை இறங்கியும் வெட்டாதீர்கள். அங்கிருந்து துளிர்ப்பது அரிது.

பூ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். மொட்டு வரும் நுனியில் இலைகள் சிறுத்து, கோபுர அடுக்கு மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கிவிடும். அந்த நிலையிலேயே எடுத்துவிடுங்கள். பூங்கொத்தை மட்டும் கிள்ளினால் பக்கத்திலிருந்தே இன்னொரு கொத்து வரும். அதனால் இரண்டு கணு கீழே இறங்கி வெட்டுவது நல்லது. பூத்து முடிந்த தண்டு புது இலை விடுவதை நிறுத்தி, விதை பிடித்து, கட்டையாகிவிடும். இலையின் மணமும் மாறும். இடம் இருந்தால் ஒரே ஒரு செடியை மட்டும் பூக்க விடுங்கள். தேனீக்களுக்கு அந்த வெள்ளைப் பூக்கள் மிகவும் பிடிக்கும். பக்கத்தில் இருக்கும் வெள்ளரிக்கும் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும்.

நீங்கள் ஒரே தண்டாக உயர்கிறது என்கிறீர்களே, அதற்கு வெயில் போதாததும் காரணமாக இருக்கலாம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். சித்திரை, வைகாசியில் மட்டும் மதிய வெயிலுக்கு நிழல் வலை கட்டுங்கள். நர்சரியில் ஒரே தொட்டியில் நாற்றுகள் அடைசலாக இருந்தால் வாங்கி வந்ததும் பிரித்து, பத்து அங்குலத் தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் கலந்த கலவை போதும். ஒவ்வொரு பெரிய வெட்டுக்குப் பிறகும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் சரி. யூரியா மாதிரி தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும், மணம் குறையும். நாம் பேசில் வளர்ப்பதே மணத்துக்குத்தானே.

தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், இலைமேல் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகி, அடிப்புறம் சாம்பல் நிறத்தில் பொடி படிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்தக் கிளைகளை உடனே வெட்டி அப்புறப்படுத்துங்கள், செடிகளைக் காற்றோட்டமாகத் தள்ளி வையுங்கள். அடர்ந்துபோன செடியின் நடுவில் இருக்கும் மெல்லிய கிளைகளை அவ்வப்போது எடுத்துவிட்டாலே பாதித் தொல்லை வராது.

விதை பற்றி ஒரு வார்த்தை. நாட்டு மருந்துக் கடை சப்ஜா விதையும் முளைக்கும், அதுவும் பேசில்தான். ஆனால் பாஸ்தாவுக்கும் பெஸ்டோ என்ற பேசில் துவையலுக்கும் வேண்டிய இனிப்பு மணத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு ஜெனோவீஸ் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

இலைகளைக் காலையில் வெட்டி எடுத்தால் வாடாமல் இருக்கும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், குளிரில் கறுத்துவிடும். தண்டோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, வெயில் படாமல் சமையல் மேடையில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினால், பூக்காத தண்டுகளில் பத்துப் பதினைந்து நாளில் வேரே விட்டுவிடும். அவற்றைப் புதுத் தொட்டியில் நட்டுக்கொள்ளுங்கள். தொட்டிச் செடி ஆறு மாதம் தாண்டினால் அடித்தண்டு கட்டையாகி விளைச்சல் குறையும் என்பதால், மாற்றுச் செடி எப்போதும் கையில் இருப்பது நல்லது.