புது போன் எடுக்கலாமா, இருப்பதையே வைத்திருக்கலாமா?

கேள்வி (தலவாக்கலை): அண்ணா, என் சாம்சங் போன் வாங்கி மூன்று வருசம். காலையில் முழுசாக சார்ஜ் ஏற்றினாலும் பகல் சாப்பாட்டுக்கு முன்பே இறங்கிவிடுகிறது. தீபாவளி முற்பணத்தில் 80,000 ரூபாவுக்கு ஒரு 5ஜி போன் எடுக்கலாம் என்று பார்க்கிறேன். அம்மா வேண்டாம் என்கிறார். எது சரி?

பதில்: நான் அம்மா பக்கம்தான் தம்பி. 2024 செப்டெம்பரில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால் 80,000 என்பது கிட்டத்தட்ட 60 பேர், அதாவது 60 நாள் வேலை. மழையிலும் அட்டைக்கடியிலும் இரண்டு மாதத்துக்கு மேல் கொழுந்து பறித்தால் வருகிற காசு அது, அதுவும் ஒரு சதம் வெட்டுப்படாமல் கையில் வந்தால். முற்பணம் இனாமாக வருவதும் இல்லை, அடுத்தடுத்த மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். பெட்டரி இறங்குகிறது என்பதற்காக அவ்வளவு காசை இறக்க வேண்டுமா?

போன் பெட்டரி எல்லாமே தேயும். முழுசாக 500 தடவை ஏறி இறங்கிய பிறகு பழைய கொள்ளளவில் 80 வீதம் மிஞ்சும் என்று ஐபோன் 14 வரையான மொடல்களுக்கு அப்பிளே சொல்கிறது, 15 இலிருந்துதான் அதை 1000 தடவை ஆக்கினார்கள். தினம் ஒரு தடவை சார்ஜ் போடுகிறவருக்கு 500 என்பது ஒன்றரை வருசம்கூட இல்லை. அப்படியிருக்க மூன்று வருசப் போன் மதியத்தோடு படுத்துவிடுவதில் அதிசயம் இல்லை, பெட்டரியை மட்டும் மாற்றினால் போதும். கம்பெனியின் சேர்விஸ் சென்டரில் விலை கேளுங்கள், நகரத்துக் கடையில் மாற்றினால் அது ஒரிஜினலா, எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். புதுப் போன் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

அதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள், இதை எங்கள் பக்கத்து ஆட்கள் கவனிப்பதே இல்லை. பள்ளத்தில் இருக்கிற லயத்தில் டவர் சரியாகப் பிடிக்காதபோது போன் தன் சக்தியைக் கூட்டிக் கூட்டி டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், பெட்டரியை அதிகம் தின்பது அந்தத் தேடல்தான். ஒரு நாள் ஹட்டன் டவுனில் இருக்கும்போது சார்ஜ் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள், வீட்டில் எப்படி என்று பாருங்கள். டவுனில் நன்றாக நின்றால் பிழை பெட்டரியில் இல்லை, சிக்னலில். அப்போது 80,000 ரூபா போனும் அதே பள்ளத்தில் அதே பாடுதான் படும். அந்த மாதிரி இடத்தில் இரவில் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி சிம் இருந்தால் கொஞ்ச நேரம் வாங்கி உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். சிம்மை மாற்றியே பிரச்சினை தீர்ந்த வீடுகள் இருக்கின்றன.

5ஜி விசயமும் இதோடு சேர்ந்ததுதான். அலைவரிசை கூடக்கூட சிக்னல் மலையைச் சுற்றி வளைந்து வருவது குறையும், 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை போகிற தூரம் 1800 போகாது, 5ஜி பெரும்பாலும் அதற்கும் மேலேதான். 4ஜியே இரண்டு கோடு காட்டுகிற இடத்தில், பெட்டியில் 5ஜி என்று அச்சடித்திருப்பதற்காகக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, எப்போது மாற்றுவது? பாதுகாப்பு அப்டேட் நின்றுபோய், அதே போனில் வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள் என்றால் மாற்ற வேண்டும். செட்டிங்ஸில் கடைசி பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். புதிதாக எடுக்கும் நாள் வந்தால் கமெராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்காமல் எத்தனை வருசம் அப்டேட் வரும் என்று கேளுங்கள். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கும் 7 வருசம் என்று அறிவித்தன, விலை குறைந்த ஏ16க்கே 6 வருசம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருசத்தில் கைவிடுகிற போன் விலையில் மலிவாகத் தெரிந்தாலும் வருசக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் அதுதான் விலை கூட.

கேள்வி (பண்டாரவளை): மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய லெப்டொப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. அது இனி வேலை செய்யாது, புதுசு வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். மெசின் சரியான ஸ்லோவும்தான். என்ன செய்யலாம்?

பதில்: அக்கா, வேலை செய்யாது என்பது பொய். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தியது உண்மை, ஆனால் மெசின் அன்றைக்கு நின்றுவிடவில்லை. வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் வரை நீடிப்பும் கொடுத்தார்கள், செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரலாம். உங்கள் லெப்டொப் விண்டோஸ் 11 ஏற்குமா என்று முதலில் பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ப்ரொசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இருந்தால் இலவசமாகவே மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்லோ என்கிறீர்களே, அதற்கு வேறு மருந்து. உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு சுழலாத, வேகமான எஸ்எஸ்டி ஒன்று போடச் சொல்லுங்கள், ரெம் 4 ஜிபிதான் என்றால், அந்த மொடலில் கூட்ட முடியுமென்றால், 8 ஆக்குங்கள். நிமிசக் கணக்கில் திறந்துகொண்டிருந்த மெசின் அதற்குப் பிறகு செக்கன் கணக்கில் திறக்கும், படிப்புக்கும் சூம் வகுப்புக்கும் அது தாராளம். மாற்றுவதற்கு முன் மகளின் நோட்ஸ் எல்லாவற்றையும் பென்ட்ரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 ஏற்காத மெசின் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம், கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதையும் யோசிக்கலாம். உயர்தரப் பரீட்சை முடிந்து கெம்பஸ் கிடைத்த பிறகு, அந்தப் படிப்புக்கு என்ன மெசின் வேண்டும் என்று தெரிந்து வாங்குவதுதான் புத்தி.

கேள்வி (நுவரெலியா): இங்கத்தைய குளிருக்கு போன் பெட்டரி கெட்டுப்போகுமா?

பதில்: இல்லை. குளிரில் சார்ஜ் கொஞ்சம் வேகமாக இறங்குவதுபோல் தெரியும், சூடானதும் சரியாகிவிடும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுகிற விடியற்காலையில் வெளியே வைத்து சார்ஜ் மட்டும் போடாதீர்கள். பெட்டரிக்கு உண்மையான எதிரி சூடு: அடுப்பங்கரை, பஸ் கண்ணாடிக்குப் பக்கம், தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது.

கேள்வி (ஹட்டன்): டுபாயிலிருந்து வந்த ஒருவர் ஐபோன் ஒன்றை கடை விலையில் பாதிக்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா அண்ணா?

பதில்: காசை நீட்டுவதற்கு முன் போனைக் கையில் வாங்கி *#06# என்று அடியுங்கள், அந்தப் போனுக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ (IMEI) எண் வரும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று டைப் செய்து ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். 2025 ஜனவரி கடைசியிலிருந்து பதிவில்லாத புதுப் போன்களுக்கு இங்கே நெட்வேர்க் கிடைக்காது என்று ஆணைக்குழு அறிவித்துவிட்டது. பதிவில்லை என்று வந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் எடுக்காதீர்கள்.

பதிவு இருந்தால், அவருடைய அப்பிள் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, பிறகு செய்து தருகிறேன் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள், பூட்டிய ஐபோனைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. பெட்டரி ஹெல்த் 80க்குக் கீழே இருந்தால் புதுப் பெட்டரிக்கான காசை விலையில் கழியுங்கள். எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மொடல்களுக்கு 2025இல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 26 கிடைக்காது, அதனால் 11க்குக் கீழே போகாதீர்கள். விற்கிறவரிடம் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு கடிதமும் எழுதி வாங்குங்கள். நேர்மையானவர் என்றால் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

கேள்வி (பதுளை): புது போன் வாங்கி ஒரு மாதத்தில் டிஸ்ப்ளேயில் கோடு விழுந்துவிட்டது. கீழே விழவில்லை, நனையவில்லை. வாரண்டி கார்டோடு போனால், இது கடை வாரண்டி, நாங்கள் பார்த்துச் சொல்கிறோம் என்று இழுத்தடிக்கிறார்கள்.

பதில்: இனி வாய்ப்பேச்சு வேண்டாம். போன் கொடுத்த திகதியும் பிழை என்ன என்பதும் எழுதிய ஒரு ரசீது கேளுங்கள், கோடு தெரிகிற மாதிரி படமும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. ஆனால் போனில் சொன்னதோடு நிறுத்தாதீர்கள், பில்லின் பிரதியோடு எழுத்தில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும். கடைக்காரர் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று நாள் கடத்தினால் பறிபோவது அந்த 3 மாதம்தான். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை.

கேள்வி (மஸ்கெலியா): அப்பாவுக்கு சீனி வருத்தம். ஊசி குத்தாமலே சீனியும் பிரசரும் காட்டும் கைக்கடிகாரம் 9,000 ரூபாவுக்கு விளம்பரத்தில் வருகிறது. வாங்கிக் கொடுக்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி. இந்தக் கேள்வி நிறையப் பேரிடமிருந்து வருவதால் அழுத்திச் சொல்கிறேன். தோலைக் குத்தாமல் தானே இரத்தத்தில் சீனி அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்தக் கடிகாரங்கள் திரையில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அதை நம்பி அப்பா மாத்திரையைக் கூட்டினால் சீனி ஒரேயடியாக இறங்கி மலையிலேயே மயங்கி விழலாம், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காசுக்கு ஃபார்மசியில் விரலில் குத்தி சீனி அளக்கிற குளுக்கோமீட்டர் ஒன்று எடுங்கள். எடுக்கும்போது மெசின் விலையை மட்டும் பார்க்காமல் அதில் போடுகிற ஸ்ட்ரிப் பெட்டி என்ன விலை, ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ அது எப்போதும் கிடைக்குமா என்றும் கேளுங்கள், மாதாமாதம் செலவு வைப்பது ஸ்ட்ரிப்தான். அளந்த எண்களை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.