நேட்டாலுக்குப் போன பாட்டனாரின் ஊரைக் கண்டறிவது எப்படி?

கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற கொள்ளுப்பாட்டனாரின் சொந்த ஊரை ஆவணங்களில் தேட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் முதல் 1911 வரை, வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை கப்பல் பட்டியலில் பதியப்பட்டன. பெயரை விட அந்த எண்ணே முக்கியம். ஒரே பட்டியலில் பல முனுசாமிகள் இருப்பார்கள். பழைய திருமண, இறப்புச் சான்றுகளில் அவ்வெண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஊர்ப்பெயரை, எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார் என்பதால், வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே நல்லது. செங்கல்பட்டே அன்று 'சிங்கில்புட்' ஆகத்தான் இருந்தது! ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் தேடி நின்றுவிடாதீர்கள். 1911 வரை சித்தூரும் அதில் அடங்கியிருந்ததால், அக்கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

கிராமம் உறுதியான பிறகு, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அவ்வூரின் நில அளவை, தீர்வைப் பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அவற்றில் பட்டாதாரர் பெயர்களே இருக்கும். நிலமற்ற குடும்பமாயின், ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் குலதெய்வக் கோயிலையும்தான் நாட வேண்டும்.