ஆசிரியராக இருந்து மாநில அரசியலுக்குப் போனவர்களில் யாரைப் பற்றிச் சொல்வீர்கள்? அந்தத் தொழில் அவருக்கு உதவியதா?

எங்கள் வீட்டில் அப்பா அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘பேராசிரியர்’ என்பார், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருந்த காலம். எனக்கு ஏழெட்டு வயது. அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊருக்குப் போய் வந்த யாரோ கொடுத்த அவருடைய பேச்சுக் கேசட்டைப் போட்டுவிட்டுப் பனியனோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். அம்மா அடுப்படியிலிருந்து, “ஞாயித்துக்கிழமையாவது பள்ளிக்கூடத்த மூடுங்களேன்” என்பார். அதனால் ரொம்ப நாள் வரைக்கும், அந்தக் குரலுக்குரியவர் சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியில் இன்னமும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அவர் வகுப்பறையை விட்டு வெளியே வந்து அப்போதே முப்பது வருடம் ஆகியிருந்தது.

க. அன்பழகன். கேள்வியைப் பார்த்ததும் வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. நானும் இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1922 டிசம்பர் 19-ல் திருவாரூர்ப் பக்கம் காட்டூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் இராமையா. தனித்தமிழ் உணர்வில் அன்பழகன் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. முடித்து, 1944-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அதே தமிழ்த் துறையில் மு.வ.வும் இருந்தார். ஒரே துறையில் இரண்டு தமிழாசிரியர்கள். ஒருவர் பின்னாளில் மதுரையில் துணைவேந்தர் ஆனார், இன்னொருவர் கோட்டைக்குப் போனார். அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

13 வருடம் அங்கே தமிழ் நடத்தினார். 1949-ல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கியபோது இவரும் உடன் இருந்தார். பகலில் கல்லூரி, மாலையில் மேடை. பச்சையப்பன் ஓர் அறக்கட்டளைக் கல்லூரி, அரசு வேலை இல்லை. சிங்கப்பூரில் இப்படி யோசித்துக்கூடப் பார்க்க முடியாது. அரசாங்கப் பள்ளி ஆசிரியர் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் முதலில் வேலையை விட வேண்டும். நான் வட்டாரச் சமூக மன்றத்தில் பட்டிமன்ற நடுவராக உட்காருவதோடு சரி.

1957-ல் தி.மு.க. முதல்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்றது. ஜெயித்த 15 பேரில் எழும்பூரில் நின்ற இவரும் ஒருவர். அதோடு கல்லூரி முடிந்தது, வயது 34. அதற்கப்புறம் 63 வருடம் வாழ்ந்தார், அத்தனையும் அரசியல். ஆனால் ஒட்டிக்கொண்டது அந்த 13 வருடத்துப் பெயர்தான். ஒன்பது முறை சட்டமன்ற உறுப்பினர், மேலவை உறுப்பினர், திருச்செங்கோட்டிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர், நல்வாழ்வு, கல்வி, நிதி என்று மூன்று பெரிய துறைகளுக்கு அமைச்சர், 2001 முதல் 2006 வரை எதிர்க்கட்சித் தலைவர். இவ்வளவுக்குப் பிறகும் எதிர்வரிசையில் இருந்தவர்கள்கூட அவரைப் பேராசிரியர் என்றே அழைத்தார்கள்.

ஏன் என்று அந்தக் கேசட்டுகளைப் பின்னாளில் திரும்பக் கேட்டபோது புரிந்தது. அந்தக் கட்சி அடுக்குமொழிக்குப் பேர் போனது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் கைதட்டல் வந்துவிடும். இவர் பேச்சில் கைதட்டல் தாமதமாகத்தான் வரும், சில சமயம் வராமலேயே போகும். ஒன்றைச் சொல்வார், ‘ஏன்?’ என்று தானே கேட்பார், பிறகு கூட்டம் வந்து சேரட்டும் என்று நிற்பார். அந்த நிறுத்தத்தில் கேசட்டின் ‘ஸ்ஸ்’ சத்தம் மட்டும் ஓடும். அப்பா அந்த இடங்களில் தலையை ஆட்டுவார், என்னமோ அவரைத்தான் எழுப்பிக் கேட்ட மாதிரி. கரும்பலகையின் முன்னால் நின்று பழகியவர்களுக்குத்தான் அந்த மௌனம் வரும். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நாலு நொடி சும்மா நிற்கப் பயிற்சி ஆசிரியர்கள் எவ்வளவு திணறுவார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் திணறியிருக்கிறேன்.

ஆனால் அந்த நிதானம் ஓட்டாக மாறியதா? எனக்குச் சந்தேகம்தான். கூட்டம் கருணாநிதிக்காக வந்தது, இவரையும் கேட்டுவிட்டுப் போனது. 1977-ல் நெடுஞ்செழியன் விலகிய பின் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார். 2020-ல் சாகும்வரை அதே பதவி, 43 வருடம். தன்னைவிட ஒன்றரை வயது இளையவர் தலைவர், இவர் அவருக்கு அடுத்து. சில வருடம் முன்பு தமிழ்மொழி மாதத்துக்கு மேடைப்பேச்சுப் பயிற்சி கொடுக்கும்போது மாணவர்களிடம் இவரைப் பற்றிச் சொன்னேன். உயர்நிலை மூன்று படிக்கும் ஒரு பையன் கை தூக்கினான். “அவர் முதலமைச்சர் ஆனாரா சார்?” இல்லை என்றேன். “அப்போ லைஃப் ஃபுல்லா ரன்னர்-அப்பா சார்?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சிரித்துச் சமாளித்தேன்.

இரண்டாம் இடம் என்பது அடங்கிப்போவது என்று அந்தப் பையன் நினைத்தான். ஆனால் அன்பழகன் தன்னை ஒருமுறை வரிசைப்படுத்திச் சொன்னது கட்சிக்காரர்கள் பலருக்கும் மனப்பாடம். முதலில் மனிதன், அப்புறம் அன்பழகன், அப்புறம் சுயமரியாதைக்காரன், நான்காவதாகத்தான் அண்ணாவின் தம்பி, கலைஞரின் தோழர் என்பது ஐந்தாவது. தலைவரையே கடைசியில் வைக்கிற தைரியம் எல்லாருக்கும் வராது. அதைக் கருணாநிதியே ரசித்து எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

தேவைப்பட்ட இடத்தில் பதவியைத் தூக்கிப் போட்டவரும்கூட. 1983-ல் இலங்கைத் தமிழர்கள் கொல்லப்பட்டபோது கருணாநிதியும் இவரும் சட்டமன்றப் பதவியை விட்டு விலகினார்கள். 1986-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில், அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியின் நகலைக் கொளுத்தியதற்காகப் பத்து தி.மு.க. உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். அதில் இவரும் உண்டு. காகிதத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் இருந்தவர் காகிதத்தைக் கொளுத்தியது எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை. அப்பாவிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்.

அதைவிட அதிகமாக உறுத்துவது ஒன்று உண்டு. கட்சித் தலைமை ஒரே குடும்பத்துக்குள் கைமாறியபோது, எதற்கும் ‘ஏன்?’ என்று கேட்டுப் பழகிய இந்த மனிதர் பொதுவெளியில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 2017 ஜனவரியில் ஸ்டாலின் செயல் தலைவரான பொதுக்குழு இவர் தலைமையில்தான் நடந்தது. ஸ்டாலினின் உழைப்பைப் பார்த்து மனமாரத்தான் ஏற்றுக்கொண்டார் என்பார்கள். இருக்கலாம்.

சரி, கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். தொழில் உதவியதா என்று பார்க்கச் சரியான இடம் கல்வித் துறை. 1989 முதல் 1991 வரையும் 1996 முதல் 2001 வரையும் அவர்தான் கல்வி அமைச்சர். நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் வந்தது இந்தக் காலங்களில்தான். நான் இந்தப் பதிலைத் தட்டிக்கொண்டிருக்கும் தமிழ்99 விசைப்பலகையும் அந்த ஆட்சியில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டதுதான். அந்த வரிசையின் முதல் மாநாடு 1997-ல் சிங்கப்பூரில் நடந்தது. அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமியும் நம் ஊர்த் தமிழாசிரியர்தான் என்பதை இங்கே சொல்லாமல் போனால் தூக்கம் வராது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதே 1999 நவம்பரில் வந்த ஓர் அரசாணை. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழியில்தான் பாடம் நடத்த வேண்டும் என்றது. ஆங்கிலவழிப் பள்ளிகள் நீதிமன்றம் போயின. 2000 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஆறு மாதம்கூட நிற்கவில்லை. சின்னக் குழந்தைக்கு எந்த மொழியில் சொன்னால் புரியும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். பெற்றோருக்கு எந்த மொழியில் வேலை கிடைக்கும் என்பது தெரியும். இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் சிக்கல்.

இதை நான் சென்னையை வைத்துச் சொல்லவில்லை. என் அம்மா மேக்ஸ்வெல் சாலையில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கணக்கு, அறிவியல் எல்லாமே தமிழில். இன்றைக்கும் அவர் வாயில் ‘வகுத்தல்’, ‘மீதி’ என்றுதான் வரும். அந்தப் பள்ளியை எந்த ஆணையும் வந்து மூடவில்லை. பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள், சேர்க்கை வற்றியது, 1982-ல் கதவு சாத்தியாகிவிட்டது. அம்மாவே என்னை ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே ஆணை போட்டும் தமிழ்வழி வரவில்லை, இங்கே ஆணை இல்லாமலே போய்விட்டது. என் வகுப்பில் தமிழ்ப் பாடவேளை முடிந்து மணி அடித்ததும், பை ஜிப்பை இழுக்கும் சத்தத்தோடு சேர்ந்து ஆங்கிலம் ஆரம்பிக்கும். என் மகளும் அப்படித்தான், வீட்டிலேயே.

அதனால் என் பதில் இது: மேடையில் உதவியது, தோழமையைக் காப்பாற்றிக்கொள்ள உதவியது, கல்வி அமைச்சராக ஓரளவுக்கு. விளக்கிச் சொன்னால் எவரும் புரிந்துகொள்வார்கள் என்று ஆசிரியர்கள் நம்புவோம். அரசியலில் புரிந்துகொண்ட பிறகும் மறுப்பார்கள்.

83 வயதில், 2006-ல், நிதி அமைச்சரானார். கூட்டுறவு வங்கிகளில் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடியும் இரண்டு ரூபாய் அரிசியும் அந்த ஆட்சியில்தான். அந்த வயதில் மணிக்கணக்கில் நின்று வரவு செலவுத் திட்டம் வாசித்ததை அப்பா பெருமையாகச் சொல்வார். 2011-ல் வில்லிவாக்கத்தில் தோற்றார். 2018 ஆகஸ்ட் 7-ல் கருணாநிதி போனார். 2020 மார்ச் 7-ல், 97 வயதில், இவரும் போய்விட்டார். அன்றைக்கு அப்பா வழக்கம்போல, “பேராசிரியர் போயிட்டாருப்பா” என்றார். இங்கே அப்போது கொவிட் பரபரப்பு, முகக்கவசம் தேடி அலைந்துகொண்டிருந்தோம். சரியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளக்கூட நேரமில்லை.

2022-ல் நூற்றாண்டை ஒட்டி, நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறை இருக்கும் டிபிஐ வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் வைத்தார்கள். திருவாரூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அத்தை மகள், இடமாறுதல் விஷயமாக அங்கே போய்வந்ததை அடுத்த வருடம் போனில் சொன்னாள். “காலையில இருந்து டிபிஐல காத்திருந்தேன் மாமா.”

“அதுக்குத்தான் பேர் மாத்திட்டாங்களே?”

“மாத்திட்டாங்க, வாசல்ல பெரிசா போட்டிருக்கு. ஆட்டோக்காரருக்கு டிபிஐன்னு சொன்னாத்தான் தெரியுது.”